கிளிக்குப் போட்ட எலுமிச்சைச் சாதம்

"ஆள் எடுக்கறதை நிறுத்திட்டாங்க பாமா, எத்தனை தடவை சொல்ற..."

"எடுக்காட்டி போகட்டும்! கூட்டிட்டுப் போய் ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கன்னுதானே..."

"காட்டறதுக்கு அது என்ன பொண்ணு பார்க்கிற இடமா? இன்னைக்குக்கூட நாள் பூரா மீட்டிங். நிமிர நேரமில்ல."

"என் தம்பின்னா உங்களுக்கு இளக்காரம். அதை நேரா சொல்லிடுங்க!"

உமேஷ் மணப்பாறையிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து ஒரு வாரமாகிவிட்டது. இன்ஜினியரிங் முடித்த பையன். மாதாப்பூரில் பெரிய கம்பெனியில் டீம் லீடராக இருக்கும் மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிச்சயம் என்று நம்பித்தான் அப்பா ரயிலேற்றி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைதான் பத்மநாபன் வாயிலிருந்து வருவேனா என்றது. முதலில் எச்.ஆர். லீவில் இருந்தார். அப்புறம் அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்துவிட்டது.

"எங்கேயோ பேங்க் விழுந்தா இவன் தலையில ஏன் விழணும்?" பாமா விடுவதாக இல்லை. "அப்பா தினமும் போன் பண்ணிக் கேக்கறார். என்னத்தைச் சொல்ல?"

"அக்கா, விடேன்." கேமராவிலிருந்து டிவிக்கு ஒயரைச் செருகிக்கொண்டிருந்த உமேஷ் குறுக்கே வந்தான். "இன்னைக்குக் கிளியா அள்ளிட்டு வந்திருக்கேன், பாரு. மாமா, உங்க லேப்டாப்ல போட்டா இன்னும் பளிச்சுன்னு தெரியும்."

"அது... ஆபீஸ்லயே இருக்கு."

"மாசக்கணக்கா அங்கேயேதான் இருக்கு," என்றாள் பாமா. "லேப்டாப்புக்குக் கூட உள்ளே இடம் இருக்கு. என் தம்பிக்குத்தான் இல்ல."

டிவியில் கிளிகள் வந்தன. கோபத்தையும் மீறிப் பாமா வாயைப் பிளந்தாள். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. தோளில் குங்குமத்தை அப்பியது போலச் சிவப்புத் திட்டு, கழுத்தைச் சுற்றி ரோஜா நிற வளையம், பவழ மூக்கு.

"எங்கடா எடுத்தே?"

"கோல்கொண்டா பக்கத்துல, சுல்தானுங்க கல்லறை எல்லாம் இருக்கே, அந்தத் தோட்டத்துல."

"சார்மினார் போறேன்னுதானே சொன்னே?" பத்மநாபன் சட்டென்று கேட்டான்.

"ஆட்டோக்காரர்தான் மாமா, 'கிளி பார்க்கணும்னா சார்மினார் நக்கோ'ன்னு அங்கே கொண்டுபோய் விட்டார்."

"அவன் எங்கே போனா உங்களுக்கென்ன? ஆபீசுக்குள்ளதான் விடல. ஊரையாவது சுத்தட்டும்."

அடுத்த படத்தில் ஒரு கட்டைச் சுவர். அதன்மேல் திறந்து வைத்த டிபன் டப்பா. அதைச் சுற்றி நான்கைந்து கிளிகள். ஒன்று வேர்க்கடலையைக் காலில் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது.

"வளர்த்த கிளிங்களாடா?"

"காட்டுக் கிளிதான், அக்கா. நான் கிட்டப் போனாலே பறந்துடுது. தூரத்துல நின்னுதான் எடுத்தேன். யாரோ ஒரு ஆள், மரத்துக்கு அந்தப் பக்கம் பாதி முதுகுதான் தெரிஞ்சுது. அவர் வச்ச சாப்பாடு. இதெல்லாம் ஒரு நாள்ல பழகாது. மாசக்கணக்காப் போட்டிருக்கணும்."

பாமா டிவியை உற்றுப் பார்த்தாள். அவளுடைய ஆத்திரத்துக்குப் புது ஆள் கிடைத்துவிட்டான்.

"எலுமிச்சைச் சாதம்டா அது! எவளோ ஒருத்தி இருட்டோட எழுந்து, பழம் பிழிஞ்சு, கடலை வறுத்துப் போட்டு அனுப்பியிருக்கா. அந்தத் தடியன் அதைக் கிளிக்குக் கொட்டிட்டு மகாராஜா மாதிரி உக்காந்திருக்கான்! சாயங்காலம் வீட்டுக்குப் போய், 'பிரமாதம்'னு காலி டப்பாவை நீட்டுவான். அவளும் இளிச்சுக்கிட்டே வாங்கிக் கழுவுவா."

"பசிச்சிருக்காது," என்றான் பத்மநாபன் மெதுவாக.

"பசிக்கலைன்னா வீட்ல சொல்றது! வாய் இல்லையா?"

"சொல்ல முடியாம எத்தனையோ இருக்கும் பாமா..."

"ஆம்பளைக்கு ஆம்பளை வக்காலத்தா? அந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சான்..."

"போதும் உமேஷ். டிவியை மாத்து. நியூஸ் பார்க்கணும்."

"ஒரு நிமிஷம் மாமா, இந்த லென்ஸோட அருமையைப் பாருங்க." உமேஷ் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனான். இறகு, கால், நகம். "மூடி மேல நிக்குது பாருங்க, நகத்துல இருக்கற கோடுகூடத் தெரியுது. மூடியில ஏதோ பேர் வெட்டியிருக்கு... அட, தமிழ்க்கா! இந்த ஊர்ல யாரு..."

அவன் விரல் பட்டனிலேயே நின்றுவிட்டது.

கிளியின் இரண்டு கால்களுக்கும் நடுவே, புள்ளிப் புள்ளியாக, 'சி.பாமா'. கல்யாணச் சீருக்காக அப்பா பாத்திரக் கடையிலேயே உட்கார்ந்து, ஒரு கரண்டிகூட விடாமல் வெட்ட வைத்த பெயர்.

பாமா சமையலறைப் பக்கம் திரும்பினாள். சற்றுமுன் கழுவிக் கவிழ்த்த அந்த டப்பாவிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க..." அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. "எத்தனை மாசமா நான் கிளிக்கு டப்பா கட்டறேன்?"