அக்காவின் குழாய்

ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்கேறி அக்கா செத்துப்போனாள். அவள் உடம்பு எதிர்க்கவே இல்லை என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் நான் வைரஸ் ஆராய்ச்சிக்கே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அன்று அவளிடம் எடுத்த ரத்தத்தை மல்லுக்கட்டி வாங்கி, ஒரு சின்னக் குழாயில் எங்கள் ஆய்வகத்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். வருஷாவருஷம் ஒரு துளி எடுத்துச் சோதிப்பேன். வைரஸை எதிர்க்கும் சக்தி அதில் ஏறிக்கொண்டே வருகிறது.

இன்று எனக்குப் பணி ஓய்வு.

“பழசையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமே, மேடம்,” என்றார் இயக்குநர்.

“மத்ததைப் போடுங்க. இவ இன்னும் சண்டை போட்டுட்டிருக்கா.” ஃப்ரீசரைத் திறந்து குழாயை எடுத்து நீட்டினேன். “எங்க, போடுங்க பாப்போம்.”

சிரித்தபடி வாங்கியவர், கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தார். ஜுரக்காரியின் நெற்றியைப் போலக் குழாய் கொதித்தது.