முதல் பொத்தான்

1987இல் கல்முனையில் றவூபும் தங்கை நதீராவும் நெல் ஆலைகளுக்குக் கருவிகள் செய்துவந்தார்கள். பழையதும் புதியதுமான கருவிகளை இயக்கும் இரண்டு மைக்ரோகண்ட்ரோலர் சிப்புகளுக்கும் தங்கள் கணினிமொழியைத் தனித்தனியாக எழுதியிருந்தார்கள்.

"காக்கா, கணக்குப் பாக்கிறது, எழுத்தைச் சேமிக்கிறது எல்லாம் ரெண்டுக்கும் ஒண்டுதானே? அதப் பொதுவா ஒருக்கா எழுதுவம். சிப்புக்குச் சிப்பு மாறுற பகுதி மட்டும் வேறயா இரிக்கட்டும்" என்றாள் நதீரா அண்ணனிடம்.

றவூப் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆலைக்காரர் புதுச் சிப்பத்தான் கேக்காங்க. பழசு ஒரேயொரு ஆளுக்கிட்டத்தான் இரிக்கி. அதுக்காக நீ கஷ்டப்பட வாணாம், உட்டுரு."

நதீரா விடவில்லை. நோன்பு மாதம் முழுவதும் உழைத்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் முழு வாக்கியமும் திரையில் வரும் புதிய வசதி, பொதுப்பகுதி வழியாகப் பழைய சிப்பிலும் ஓடியது.

அந்தச் சிப்பு இருந்த ஒரே கருவியைக் காக்காவின் கையில் கொடுத்தாள். தொண்டைச் சத்திரசிகிச்சையில் குரலை இழந்த றவூப், அதில் எழுத்தெழுத்தாகத் தட்டித் திரையில் காட்டித்தான் அதுவரை அவளோடு வாதாடினான்.

முதல் பொத்தானை அழுத்தினான். நதீரா சேமித்துவைத்த வாக்கியம் திரையில் வந்தது: "தங்கச்சி சொன்னதுதான் சரி."

சத்தமில்லாமல் சிரித்தபடி அதையே மறுபடியும் அழுத்தினான்.