ஐந்தாவது நோட்டு

“எனக்கே காது குத்தறீங்களா?”

போன மாதம் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் இப்படிக் கேட்டுத்தான் இஸ்திரி அம்மாளைத் திருப்பி அனுப்பினாள். அதற்கு முந்தைய மூன்று மாதமும் வார்த்தைதான் வேறு, விஷயம் இதேதான்.

இஸ்திரி அம்மாளுக்கு ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கும் வேலை. நாள் பூராவும் கால் கடுக்க நிற்க வேண்டும். எடை நூற்றுப் பதினொரு கிலோ. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய் ஆபரேஷனுக்கு வந்தவள். ‘நோயாளி உண்மையாக ஒத்துழைக்கிறார்’ என்று டயட்டீஷியன் கையெழுத்துப் போட்டால்தான் பட்டியலில் பெயர் ஏறும். அந்தக் கையெழுத்துதான் நாலு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது.

தினமும் சாப்பிட்டதை நோட்டில் எழுத வேண்டும். மாதத்துக்கு ஒரு நோட்டு. வாராவாரம் டயட்டீஷியன் அறைக்கு வந்து எடையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு நோட்டிலும் ஒரே பாட்டு. காலையில் ஒரு பழம், மத்தியானம் வேகவைத்த காய், ராத்திரி ஒரு கிண்ணம் சூப். எடை மட்டும் இம்மியும் குறையவில்லை.

“பச்சைத் தண்ணி குடிச்சாலும் உடம்புல ஒட்டிக்குது மேடம்” என்பாள் அம்மாள்.

பதினாறு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு டயட்டீஷியனுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

இன்றைக்கு அம்மாள் முப்பத்தோராவது ஆள். டயட்டீஷியனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமே இல்லை. அவளுக்கு என்றைக்குத்தான் இருந்தது? கையில் கிடைத்ததை மென்றுகொண்டே, ஐந்தாவது நோட்டின்மேல் விழுந்த துணுக்குகளைத் தட்டிவிட்டுப் பிரித்தாள். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு அவளுக்கு. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

க்ரீம் பிஸ்கட் ஒரு பாக்கெட். பப்ஸ் இரண்டு. சர்க்கரை தூக்கலாக டீ மூன்று. மறுநாள் சிப்ஸ், கேக். பக்கத்துக்குப் பக்கம் இப்படியே.

“அப்பாடா, இப்பத்தான் உண்மையை எழுதியிருக்கீங்க. இதை அன்னைக்கே செஞ்சிருந்தா உங்க காலுக்கும் நல்லது, என் உயிருக்கும் நல்லது.”

கையெழுத்தைப் போட்டுத் தாளை நீட்டினாள். அம்மாள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் எழுந்திருப்பதற்குள், குடல் கிருமிகளை ஆராய்கிற டாக்டர் ஒரு ரிப்போர்ட்டோடு உள்ளே வந்தார். இரண்டு மாதத்துக்கு முன் அம்மாளின் மலத்தைப் பரிசோதனைக்கு வாங்கிப் போனவர்.

“எல்லார் குடல்லயும் ஒரே கிருமிக் கூட்டம் இல்ல” என்றார். “மத்தவங்களுக்கு வீணா வெளியே போறதைக்கூட இவங்களோட கூட்டம் விடறதில்ல. கறந்து உடம்புல சேர்த்துடுது. அது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இவங்க எழுதின நாலு நோட்டும் நம்பக்கூடியதுதான்.”

மேஜையில் கிடந்த ஐந்தாவதையும் எடைச் சீட்டையும் புரட்டினார்.

“இதுதான் உதைக்குது. இவ்வளவும் சாப்பிட்டிருந்தா எடை ஏறியிருக்கணும். நின்ன இடத்துலயே நிக்குதே?”

ரிப்போர்ட்டை வைத்துவிட்டு அவர் போய்விட்டார். டயட்டீஷியன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் எத்தனை பேரைப் பொய்யர் என்று சொல்லியிருப்பாள்? நினைக்கவே கூசியது.

“இதுல எதையுமே நீங்க சாப்பிடலையா?”

அம்மாள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கையெழுத்தை அடிச்சிடாதீங்க மேடம். இன்னொரு மாசம் என்னால நிக்க முடியாது. நிஜத்தை எழுதினா பொய்னு சொல்றீங்க. நாலு மாசம் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப் போச்சு.”

“அடிக்கலைம்மா. தப்பு என்னோடதுதான்.” டயட்டீஷியன் ஐந்தாவது நோட்டை மறுபடி பிரித்தாள். “ஆனா பிஸ்கட், பப்ஸ், மூணு டீன்னு இவ்வளவு கணக்கா எப்படி எழுதினீங்க?”

அம்மாள் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்து, முழங்காலைத் தாங்கிக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். வாராவாரம் எடை பார்க்க வர்றப்போ உங்க மேஜை மேல என்ன இருந்துச்சோ, அதைத்தான் மாத்தி மாத்தி எழுதினேன்.”