எழுந்து நின்றவர்கள்

"குடும்பமா எழுந்து நின்னீங்களேம்மா, இப்ப நினைச்சாலும் எனக்கு மெய் சிலிர்க்குது!" என்று பாஸ்டரம்மா அவள் கன்னத்தைத் தடவினார். அண்ணன் வீட்டுக் கூடம் நிறைய சபை மக்கள். ஆளுக்கொரு பெட்டியின் மேல் கைவைத்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சிரித்து வைத்தாள். சின்னவன் பெட்டிக்குப் பெட்டி தாவிக்கொண்டிருந்தான். பெரியவள், "விமானத்துல ஜன்னல் சீட் எனக்குத்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கென்ன, கடல் தாண்டிப் போவதும் கடைத்தெருவுக்குப் போவதும் ஒன்றுதான்.

உள்ளறையில் அவள் கணவர், அவளுடைய அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை, தினமும் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து தன் கையாலேயே தேற்றியவர்.

"விரலை ஒவ்வொண்ணா மடக்குங்க அக்கா. வெடுக்குனு இழுத்துடாதீங்க. வலிச்சா மாமாவால சொல்ல முடியாது, கண்ணைத்தான் மூடுவார். முகத்தைப் பார்த்துக்கிட்டே செய்யுங்க."

அண்ணி தலையாட்டினாள். பாவம், அவளுக்கு இருக்கிற வேலையே தலைக்கு மேலே. நாலு நாள் செய்வாள், அப்புறம் மறந்துபோவாள்.

அவள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் இதயம் ரொம்பப் பலவீனம், நீங்கள் திரும்பி வரும்வரை தாங்காது என்று டாக்டர் உடைத்தே சொல்லிவிட்டார். போக வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்து தொலையவில்லை.

எப்படி வரும்? அன்றைக்கு மிஷனரிக் கூட்டத்தில், "கடல் தாண்டி ஊழியத்துக்குப் போகத் தயாரா இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்று பிரசங்கியார் அழைத்த அதே நேரத்தில், மடியிலிருந்த சின்னவன், "அம்மா, ஒண்ணுக்கு!" என்று காதைக் கடித்தான். அவன் அவசரம் அவளுக்குத் தெரியும். வாரித் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

கதவுப் பக்கம் திரும்பினால், கணவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார், கண் நிறையத் தண்ணீரோடு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவளும் நின்றாள். சபையே கைதட்டியது. பிரசங்கியார் மேடையிலிருந்து இறங்கி வந்து நாலு பேர் தலையிலும் கைவைத்து ஆசீர்வதித்தார். ஆசீர்வாதம் முடிவதற்குள் சின்னவன் அவள் இடுப்பை நனைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உனக்கு மனசு திடமா இருக்குல்ல?"

"ம்" என்றாள். ஆண்டவர் அவரைக் கூப்பிட்டிருக்கும்போது நடுவில் நிற்க நான் யார் என்று நினைத்தாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அவர் வேலையை விட்டார். குடியிருந்த வீட்டைக் காலி செய்தார்கள். கட்டில், பீரோ எல்லாம் யார் யார் வீட்டுக்கோ போயின. விசா கிடைக்கக் கூடாது என்று அவள் முழங்காலில் நின்று மன்றாடியதுகூட உண்டு. அதுவும் கிடைத்துத் தொலைத்தது.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. சொல்லிக்கொள்ள அப்பாவிடம் குனிந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நேரமாச்சுப்பா..."

பிடி இறுகியது. பேச்சு வராத வாய் கோணிக்கொண்டது, கண் வழிந்தது. அவள் கையை இழுக்கவில்லை. இழுக்க மனசும் இல்லை.

கடைசியில் கணவர்தான் வந்தார். "மாமா... விடுங்க மாமா" என்று, பிடிக்கப் பழக்கிய விரல்களைத் தானே ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்துவிட்டு, அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இவ்வளவு பாசத்தையும் ஆண்டவருக்காக விட்டுட்டுப் போறாரே!" என்று பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கோ கணவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படி அழுகிற மனுஷன் அன்றைக்கு எதற்காக எழுந்து நின்றாராம்?

விமானத்தின் கதவை அடைத்தாயிற்று. ஜன்னலோரம் பெரியவள், அடுத்து அவர், அப்புறம் அவள். சின்னவன் அவள்மேல் சாய்ந்து தூங்கிவிட்டான். அப்பா பிடித்த இடம் இன்னும் வலித்தது. விமானம் மெதுவாக நகர ஆரம்பித்தது.

பெரியவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அன்னிக்கு ஆண்டவர் உங்களைக் கூப்பிட்டாரே, அவர் குரல் எப்படிப்பா இருந்துச்சு?"

அவளும் காதைத் தீட்டிக்கொண்டாள். இத்தனை நாளும் அவளுக்கே கேட்கத் துணிச்சல் வராத கேள்வி அது.

அவர் மகளின் தலையைக் கோதிவிட்டார். "என்னை எங்கடா செல்லம் கூப்பிட்டார்? எனக்கு ஒண்ணுமே கேக்கலை."

"அப்புறம் ஏன் நின்னீங்க?"

"அம்மா எழுந்து நின்னா. அவளைத் தனியா விட மனசு வரலைடா."