உச்சந்தலையில் கோயில் தைலம்

"பாப்பா உச்சந்தலையில கோயில் தைலம் மணக்குதே, யாரைக் கேட்டுடி தூக்கிட்டுப் போனே?" அருள்மணியின் சத்தம் தெருமுனை வரைக்கும் போனது. துணி காயப்போடும் சாக்கில் நானும் மாடியேறிவிட்டேன். பெந்தெகொஸ்தே சபைக்கு மாறியதிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சுதான்: பிள்ளை வளர்ந்து, தானாக விசுவசித்து, தானாகத் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். மனைவி ஸ்டெல்லாவும் சரியென்று தலையாட்டியிருந்தாள். ஈஸ்டர் காலையில் அவன் சபைக்குப் போன நேரம் பார்த்து, மாதா கோயிலில் பாப்பாவின் ஞானஸ்நானத்தை முடித்துவிட்டாள். "அது இல்லாம பாப்பாவுக்கு ஒண்ணு ஆயிட்டா, நான் எந்த மோட்சத்துலங்க போய்த் தேடுவேன்?" என்று அழுதாள்.

"சரி, ஞானத்தாயா பிள்ளையை ஏந்தி நின்னது யாரு?"

கதவுக்குப் பின்னாலிருந்து அவன் தங்கை பெனிட்டா வந்தாள். சபையில் அவனுக்குச் சரிசமமாக அல்லேலூயா போடுகிறவள், அன்றைக்குத் தலைவலியென்று வீட்டில் படுத்துக்கொண்டவள். "நான்தாண்ணே."

அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. எனக்கே சப்பென்றாகிவிட்டது.

சில மாதங்களில் பெனிட்டா அதே கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவனைக் கட்டிக்கொண்டாள். தலைவலியின் காரணம் தெருவுக்கே விளங்கிவிட்டது. அருள்மணி தனியாக ஓசூர் போய்விட்டான். பாப்பா நடக்கிறாளா, பல் வந்ததா என்றெல்லாம் போனில் விசாரிப்பானாம். கோயிலில் அவளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று மட்டும் இதுவரை கேட்டதில்லையாம்.