மௌரீன் டிரம்மும் நாறியது

"ஸ்வல்ப நாள் பொறுத்துப் பார்த்துட்டேன்மா. இந்த மாசக் கடைசிக்குள்ள நாத்தம் நிக்கணும். இல்லேன்னா உங்க டிரம்மைத் தூக்கிக் குப்பை வண்டியில போட்டுடுவேன்" என்றார் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

பியாட்ரிஸுக்கு முகம் சுருங்கியது. "பக்கத்து வீட்டு டிரம்மும் இங்கதானே சார் இருக்கு. அதை ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க."

"அது நாறலையேம்மா. மௌரீன் அதுல எரு எடுத்து எங்க வீட்டுத் துளசிக்கே போட்டாங்க."

அதுதான் பியாட்ரிஸுக்குப் பொறுக்கவில்லை.

ஜோகுபாளையத்தில் அந்தக் காம்பவுண்டுக்குள் வாடகைக்கு இருந்தது இரண்டே குடும்பம். சமையல் கழிவைப் போட்டு எரு செய்யச் சொல்லி, ஏரியா சங்கத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி பச்சை டிரம் கொடுத்தார்கள். மௌரீன் டிரம்மில் கறுப்பாக, பொலபொலவென்று எரு வந்துவிட்டது. அதைப் போட்ட செடியில் பூத்த ரோஜா, சனிக்கிழமை தவறாமல் மாதா பீடத்துக்குப் போகிறது. பங்குச் சாமியார் பூசையிலேயே அவள் பெயரைச் சொல்லிவிட்டார்.

பியாட்ரிஸ் டிரம்மில் வாழைப்பழத் தோல் இன்னும் வாழைப்பழத் தோலாகவே கிடந்தது.

"அவ கையில என்ன தங்கமா இருக்கு?" என்று கணவன் ஓஸ்வால்டிடம் பொருமினாள்.

"கேட்டுப் பாரேன். சொல்லித் தருவா."

"அவகிட்டயா? அதுக்கு டிரம் குப்பை வண்டிக்கே போகட்டும்."

கேட்காமலே மௌரீன் வந்து நின்றாள், கையில் ஒரு கோணியோடு.

"பியாட்ரிஸ்க்கா, வடிச்ச கஞ்சி, மிச்ச ரசம் எல்லாம் அதுல ஊத்தாதீங்க. ஈரம் ஜாஸ்தியானா மக்காது, அழுகிடும். காய்ஞ்ச எலை போட்டுக் கிளறி விடுங்க. எலை கொண்டுவந்திருக்கேன்."

"சத்துக்குத்தான் ஊத்தறேன். மாட்டுக்கே கஞ்சி ஊத்தறோம், எருவுக்கு ஊத்தக் கூடாதா?"

"அப்புறம் அந்த ஃபினாயில்..."

"நாத்தத்துக்கு ஃபினாயில் ஊத்தாம பன்னீரா தெளிப்பாங்க?"

"உள்ள இருக்கற புழுவெல்லாம் செத்துடும்க்கா. அதுங்கதானே மக்க வைக்குது."

"உன் புழுவை நீ வளர்த்துக்கோ மௌரீன். என் டிரம்மை நான் பார்த்துக்கறேன்."

மௌரீன் கோணியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு வீம்புக்கென்றே பியாட்ரிஸ் இன்னொரு சொம்பு கஞ்சி ஊற்றினாள்.

பாதி மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் காலையில் துணி காயப்போட வந்தவள் நின்று மூக்கை உறிஞ்சினாள். நாற்றம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. ஆனால் தன் டிரம் பக்கமிருந்து வரவில்லை.

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

"என்னங்க, மௌரீன் டிரம்மும் நாறுது."

"அதுக்கு ஏன் உனக்கு இவ்வளவு சந்தோஷம்?"

"சந்தோஷமா? பாவம்னு சொல்ல வந்தேன்" என்றவள், அவர் காபியில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டாள்.

சாயங்காலம் மௌரீனே வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, என் டிரம்முக்கு என்னமோ ஆயிடுச்சு. கிட்டவே போக முடியல. நீங்க கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?"

பியாட்ரிஸ் உடனே எழவில்லை. சீரியலில் விளம்பரம் வரட்டும் என்று இருந்துவிட்டுத்தான் போனாள்.

மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே சொதசொதப்பு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது.

"எவ்வளவு ஈரம் பாரு. ஈரம் ஜாஸ்தியானா மக்காது மௌரீன், அழுகிடும்."

"அப்படியாக்கா?"

"பின்னே? காய்ஞ்ச எலை போடணும். கிளறி விடணும், அப்பதான் காத்து போகும். தோலையெல்லாம் பொடியா நறுக்கிப் போடணும். இதுகூடத் தெரியாம எப்படித்தான் இத்தனை நாள் எரு எடுத்தியோ."

"ஏதோ வந்துச்சுக்கா. நாத்தத்துக்குக் கொஞ்சம் ஃபினாயில் ஊத்தட்டுமா?"

"தொடாதே. புழு செத்துடும்."

சொன்ன பிறகு பியாட்ரிஸ் திரும்பிப் பார்த்தாள். பக்கத்திலேயே தன் டிரம் ஃபினாயில் வாடையோடு நின்றது.

"என்னோடதுலயும் செஞ்சு காட்டறேன். நல்லாப் பார்த்துக்கோ" என்றாள் கடைசியில்.

"எலை நிறைய இருக்குக்கா. ரெண்டுக்கும் வரும்."

இருவரும் கம்பு வைத்துக் கிளறினார்கள். பியாட்ரிஸ் டிரம்மின் அடி ஓட்டைகள் அடைத்துப்போயிருந்தன. குச்சியால் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் கொழகொழவென்று இறங்கியது. அதற்குப் பிறகு கஞ்சி, ரசம் எல்லாம் சாக்கடைக்குப் போயின. தினமும் காலையில் மௌரீன் பார்க்கும்படி பியாட்ரிஸ் முதலில் தன் டிரம்மைக் கிளறுவாள். பிறகு, "ம், இப்ப உன்னோடதை நீ கிளறு" என்பாள்.

மாதக் கடைசியில் முனிகிருஷ்ணன் வந்தார். துண்டைத் தயாராகப் பிடித்துக்கொண்டு குனிந்தவர், அதை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லையே. மண் வாசனை வருது. அடியில கறுக்க ஆரம்பிச்சிருக்கு."

"மௌரீனோடதும் நாறிப்போச்சு சார். நான்தான் கூட இருந்து சொல்லிக் கொடுத்து சரி பண்ணேன்."

"ஆமா சார். அக்கா இல்லேன்னா என் டிரம்தான் குப்பை வண்டிக்குப் போயிருக்கும்" என்றாள் மௌரீன்.

அவள் வீட்டுக்குள் வந்ததும் கணவன் சிரில் கேட்டான். "மாதா ரோஜாவுக்குன்னு வெச்சிருந்த நல்ல எரு. அதுல நீயே குடம் குடமா தண்ணி ஊத்திக் கெடுத்துட்டு, அவங்க சரி பண்ணாங்கன்னு வேற சொல்லிட்டு வர்றியே?"

மௌரீன் நகத்திலிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நான் சொன்னா அக்கா செய்ய மாட்டாங்க. எனக்குச் சொல்லிக் கொடுக்கணும்னா, செஞ்சு காட்டித்தானே ஆகணும்?"