கத்தியால் கலக்கியது

ரம்மில் நன்னாரி சர்பத் ஊற்றி, அரை எலுமிச்சை பிழிந்து, நடுவில் கீறிய பச்சை மிளகாய் ஒன்றைப் போட்டுத் தரச் சொன்னான் புதிதாக வந்தவன். சவரி அந்த பாரில் சரக்கு ஊற்றிக் கொடுத்த பதினொரு வருடத்தில் அதைக் கேட்டவன் ஒருவன்தான்: சவரியின் தம்பி மிக்கேல். பங்குனியில் உப்பளத்து ஓடையிலிருந்து மிக்கேலைப் பிணமாகத் தூக்கியபோது உடம்பில் பதினேழு வெட்டு. வெட்டியது யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

சவரி ஸ்பூனை எடுத்தான்.

“ஸ்பூன் வேண்டாம்ணே. மிளகாயக் கீறுன கத்தியாலயே கலக்கணும். அப்பத்தான் காரம் இறங்கும்.”

சவரியின் கை நின்றது. “யாரு சொல்லிக் கொடுத்தா?”

“ஒருத்தன். உப்பளத்துல வச்சு அவனே கலக்கித் தந்தான். நல்ல ரசனைக்காரன். அதுக்குப் பெறவு எனக்கு வேற எதுவுமே தொண்டையில இறங்க மாட்டேங்கு.”

“அவன் குடிக்கலயா?”

“பாதி கிளாஸ் குடிச்சான். அதுக்குள்ள நேரம் ஆயிட்டு.” வந்தவன் மேசையில் விரலால் தாளம் போட்டான். “மீதிய நாந்தான் குடிச்சேன். கீழ கொட்டவா முடியும்?”

சவரி மிளகாயைக் கீறினான். அதே கத்தியை கிளாஸுக்குள் விட்டு மூன்று சுற்று கலக்கினான். பிறகு கிளாஸை நகர்த்தி வைத்தான்.

வந்தவன் முதல் மிடறை விழுங்கிக் கண்ணை மூடினான். “அப்படியே அவன் கைப்பக்குவம்ணே.”

அண்ணாந்து மறுபடி குடித்தான். குரல்வளை ஏறி ஏறி இறங்கியது. சவரி கத்தியைக் கீழே வைக்கவில்லை. கிளாஸ் பாதியாகட்டும் என்று நின்றான்.